பஜ்ஜி மடித்த தாளில் ஆதார்: ஒரு ஜெராக்ஸ் கடையின் நிகழ்வு ஆய்வு

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில், 2025 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அந்தக் கடையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் நான். கடைக்காரரும் புகார் கொண்டுவந்தவரும் எழுதச் சம்மதித்தார்கள். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். யாரும் ஹேக் செய்யவில்லை, வைரஸ் வரவில்லை, பணம் போகவில்லை. அதனால்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. இதே நிலையில் இருக்கும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு.

கடை

பதினோரு அடிக்குப் பதினான்கு அடி. சென்னையிலிருந்து 2022இல் வாங்கிவந்த ரீகண்டிஷன் ஜெராக்ஸ் மெஷின் ஒன்று, இரண்டு கலர் பிரிண்டர், லேமினேஷன் மெஷின், மூன்று கம்ப்யூட்டர். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். உதவிக்கு ஒரு பெண். டிகிரி முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டே வேலை பார்க்கிறார். பக்கத்திலேயே சார்பதிவாளர் அலுவலகம் இருப்பதால் பத்திர நகல்களும் நிறைய வரும். பட்டா சிட்டா பிரிண்ட், வில்லங்கச் சான்று, தேர்வு விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று நாள் ஓடும்.

ஆவணங்கள் மூன்று வழியில் வரும். கையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். கடை நம்பருக்கு வாட்ஸ்அப் செய்வார்கள். இல்லையென்றால், சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும் ஜிமெயிலுக்கு அனுப்புவார்கள். இப்படி வருகிற ஃபைல் எங்கே போகிறது, எப்போது அழிகிறது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. பராமரிக்கிற நானும் கேட்டதில்லை.

2025 ஜூலை 15 அன்று ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்கள் தொடங்கின. மகளிர் உரிமைத் தொகையில் விடுபட்டவர்கள் அங்கே மனு கொடுக்கலாம் என்பதால், ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் நகலெடுக்க வாசலைத் தாண்டி வரிசை நின்றது. கூட்டம் அதிகமானால் அவசரம் அதிகம், தப்பாக விழுகிற தாளும் அதிகம். ஆதாரின் முன்பக்கம் ஒழுங்காக வந்து பின்பக்கம் தலைகீழாக விழும். அதை எடுத்து மேஜைக்குக் கீழே இருக்கும் அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு வேறொன்று எடுத்துக் கொடுப்பார்கள்.

அந்தப் பெட்டி நிறைந்தால் சாக்கு. சாக்கு நிறைந்தால் பழைய பேப்பர் கடை.

புகார்

ஆகஸ்ட் இரண்டாவது வாரம், ஒரு மாலை. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் கடைக்கு வந்து, எண்ணெய் ஊறிய ஒரு தாளை மேஜையில் விரித்து வைத்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் வாழைக்காய் பஜ்ஜி வாங்கியிருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் மடித்த தாளை வாசிக்கிற பழக்கம் அவருக்கு உண்டாம். பிரித்துப் பார்த்தால் அவர் மனைவியின் முகம். கீழே பன்னிரண்டு இலக்கமும் தெளிவாக இருந்தது. அதே தாளின் மறுபாதியில் பாஸ்புக் முதல் பக்கம்.

“இது உங்க கடையில எடுத்ததுதானே தம்பி?” என்று மட்டும் கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருக்கலாம் என்று கடைக்காரர் பிறகு என்னிடம் சொன்னார்.

அன்று இரவே என்னைக் கூப்பிட்டார். அவருக்கு முதலில் தோன்றிய பதில், “நாங்க பேப்பர் கடைக்குத்தான் போட்டோம், அவன் பஜ்ஜிக் கடைக்கு வித்தா நாங்க என்ன பண்றது” என்பது. அது உண்மையும்கூட. ஆனால் பேப்பர் கடைக்காரர் எடைக்கு வாங்கினார், எடைக்கு விற்றார். தாளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவருடைய வேலை இல்லை. இதைப் பேசிப் பேசி, மறுநாள் காலை கண்டக்டர் வீட்டுக்கே போய் நடந்ததை அப்படியே சொல்வது என்று முடிவு செய்தோம். ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் இல்லை. அவர் கையில் தாள் இருந்தது.

அவருக்கு என்ன ஆபத்து என்று எதையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டியிருந்தது. ஆதார் நகலை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பேங்க்கிலிருந்து பணம் எடுத்துவிட முடியாது. ஆதார் வழியாகப் பணம் எடுக்கப் பெரும்பாலும் கைரேகை வைக்க வேண்டும். சிக்கல் அந்த இடத்தில்தான். எங்கள் கடைக்குப் பத்திரங்களும் வருகின்றன, பத்திரத்தில் பெருவிரல் ரேகை இருக்கும். 2018இல் தெலங்கானாவில் ஒருவர், இணையத்தில் கிடைத்த நிலப் பத்திரங்களில் இருந்த ரேகைகளை ரப்பர் முத்திரையாகச் செய்து, அதை வைத்தே சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்து பிடிபட்டார். ஒரே சாக்கில் ஆதார் நகலும் ரேகையுள்ள பத்திர நகலும் போவது நல்லதில்லை.

ஆகவே அவர் வீட்டில் உட்கார்ந்து மூன்று வேலை செய்தோம். ஆதார் ஆணையத்தின் தளத்தில் அந்த அம்மாவின் கைரேகை, கருவிழிப் பதிவைப் பூட்டினோம். தேவைப்படும்போது அவரே திறந்துகொள்ளலாம். கடந்த ஆறு மாதத்தில் அவருடைய ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலைப் பார்த்தோம். ரேஷன் கடை தவிர எதுவும் இல்லை. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அவர் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்தோம். இரண்டு. இரண்டும் வீட்டிலேயே இருந்தன. ஏதாவது பணம் போனது போலத் தெரிந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யச் சொல்லி, நம்பரைக் காலண்டரில் எழுதி வைத்துவிட்டு வந்தோம்.

பழைய பேப்பர் கடையில்

அந்த வாரம் போட்டது மொத்தம் 38 கிலோ. நாங்கள் போனபோது 11 கிலோதான் மிச்சம் இருந்தது. வாங்கிய விலைக்கு மேல் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்துத் திரும்ப வாங்கினோம். பேப்பர் கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

70 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று நாலரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. கிலோவுக்கு ஏறக்குறைய 230 தாள், 38 கிலோ என்றால் 8,700 தாள். எல்லாமே அடையாள ஆவணம் இல்லைதான். திரும்பக் கிடைத்ததில் கைக்கு வந்த நூறு தாளை எடுத்துக் கடையில் வேலை பார்க்கும் பெண் எண்ணினார். 61 தாளில் யாரோ ஒருவருடைய ஆதாரோ, பாஸ்புக்கோ, சாதிச் சான்றோ, மதிப்பெண் பட்டியலோ இருந்தது. மீதியெல்லாம் கைடு நகல், வெற்றுத் தாள்.

போன 27 கிலோவை ஒன்றும் செய்ய முடியாது. பஸ் ஸ்டாண்டில் நாலைந்து கடைகளுக்குப் பிரிந்து போயிருந்தது. இரண்டு கடையில் கேட்டுப் பார்த்தோம், தீர்ந்துவிட்டது என்றார்கள். இந்த அளவில் அதை விட்டுவிட்டோம்.

கம்ப்யூட்டர்களைத் திறந்தபோது

தாள் கண்ணுக்குத் தெரிந்ததால் அதில் தொடங்கினோம். சாக்குக்கே இவ்வளவு என்றால் கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கும் என்று கேட்டது அந்தப் பெண்தான்.

முன்னால் இருக்கும் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் 14,200 ஃபைல்கள். மிகப் பழையது 2021 மார்ச் தேதியிட்டது. அதாவது அந்த மெஷினுக்கு நான் விண்டோஸ் போட்டுக் கொடுத்த மாதம். அன்றிலிருந்து ஒன்றுகூட அழியவில்லை. மூன்று கம்ப்யூட்டரையும் சேர்த்தால் 31,600 வந்தது. இ-ஆதார் பிடிஎஃப்களுக்குப் பாஸ்வேர்டு உண்டே என்று கடைக்காரர் கேட்டார். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தப் பாஸ்வேர்டு. இந்தியா முழுக்க எல்லோருக்கும் இதே முறை. அதுவும் போக, ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்காமல் இருக்கட்டும் என்று பூட்டில்லாத பிரதி ஒன்றையும் பக்கத்திலேயே சேமித்து வைத்திருந்தார்கள்.

வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டரில் செயலியாகப் போட்டிருந்தோம். டவுன்லோட்ஸை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தால் இதைத் தவறவிட்டிருப்பேன். அந்தச் செயலி தான் வாங்குகிற ஃபைல்களை யாரும் போகாத ஒரு உள் ஃபோல்டரில், ‘டிரான்ஸ்ஃபர்ஸ்’ என்ற பெயரில் மாதவாரியாக அடுக்கி வைத்திருந்தது. அதில் இன்னொரு 6,400. அப்புறம் கடைக்காரரின் போன். வாட்ஸ்அப்பில் வரும் படமெல்லாம் கேலரிக்குப் போகிறது, கேலரி கூகுள் போட்டோஸுக்குப் போகிறது. கல்யாண ஆல்பத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் நடுவே ஊர்க்காரர்களின் பான் கார்டுகள்.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் 340. அதில் கடையினுடையது பத்துக்குள் இருக்கும். மற்றதெல்லாம் விண்ணப்பம் போட வந்த பிள்ளைகளுடையது. ‘பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா’ என்று குரோம் கேட்கும்போதெல்லாம் யாரோ ‘சரி’ என்று அழுத்தியிருக்கிறார்கள்.

ஜெராக்ஸ் மெஷினை நான் மறந்தே போயிருந்தேன். சர்வீஸ் இன்ஜினியர் டோனர் விஷயமாக வந்தபோது, “இதுக்குள்ளயும் ஹார்ட் டிஸ்க் இருக்கு சார்” என்றார். திரையில் உள்ளே போய்ப் பார்த்தால், எங்களுக்கு முன்னால் அந்த மெஷின் இருந்த இடத்தின் ஸ்கேன்கள் அப்படியே இருந்தன. ஏதோ ஐரோப்பிய மொழியில் ஒரு பள்ளிக்கூடத்தின் மதிப்பெண் பட்டியல்கள். எந்த நாட்டுப் பிள்ளைகளோ, அவர்களுடைய மார்க்கு மூன்று வருடமாக எங்கள் தாலுகாவில் இருந்திருக்கிறது. 2010இல் அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சிச் செய்திக் குழு நான்கு பழைய காப்பியர்களை விலைக்கு வாங்கி உள்ளே இருந்த டிஸ்க்குகளைப் படித்துப் பார்த்தது. காவல் துறையின் வழக்குக் கோப்புகளும் நோயாளிகளின் விவரங்களும் கிடைத்தன. அதில் ஒரு மெஷினை வாடகைக்கு வைத்திருந்த மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், 2013இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டி விவகாரத்தை முடித்தது. இதைப் பல வருடம் முன்பே படித்தவன்தான் நான். இந்த மெஷினை இறக்கி வைத்த அன்று நினைவுக்கு வரவில்லை.

கடையின் ஜிமெயில்

அந்த மெயிலின் பாஸ்வேர்டு கடையின் போன் நம்பர். சுவரில் மெயிலும் நம்பரும் அடுத்தடுத்து எழுதியிருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூகுள் கணக்கில் எந்தெந்தச் சாதனங்கள் உள்நுழைந்திருக்கின்றன என்று பார்க்கும் பக்கம் ஒன்று உண்டு. அதில் கடையின் மூன்று கம்ப்யூட்டர், கடைக்காரரின் போன், இவற்றோடு திருப்பூரில் ஒரு போன். கடைக்காரர் முகம் மாறிவிட்டது. ஸ்டேஷனுக்குப் போவதா என்று கேட்டார். மாடலைப் பார்த்ததும் அந்தப் பெண், “அண்ணே, இது முன்னாடி வேலை பார்த்த அண்ணனோட போன்” என்றார். அவர் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது.

ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். அவர் பதறிப்போனார். கடையில் இருந்தபோது வேலைக்காகப் போனில் சேர்த்த கணக்கு, எடுக்க மறந்துவிட்டார். “மெயில் வந்தா சத்தம் வரும்ணே, நான் தள்ளிவிட்டுருவேன்” என்றார். இரண்டு வருடமாக, கடைக்கு யார் எதை அனுப்பினாலும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஊழியரின் சட்டைப்பையில் மணி அடித்திருக்கிறது.

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை, தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சிறு தொழில்களுக்கும் அது பொருந்தும். இது அதில் வருமா என்று யோசித்தோம். பாஸ்வேர்டைக் கடைக்காரரே கொடுத்திருக்கிறார், பழைய ஊழியர் எதையும் திறந்து பார்த்ததற்கு அடையாளம் இல்லை, ஃபைல் எதுவும் வேறு யாருக்கும் அனுப்பப்படவில்லை. அத்துமீறிய நுழைவு இல்லை என்று முடிவு செய்து, அதற்கான காரணத்தைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். வேறொருவர் இதை வேறு மாதிரி முடிவு செய்திருக்கலாம். அந்த இளைஞரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்ற எண்ணமும் எங்கள் முடிவில் கலந்திருந்தது, மறைக்க விரும்பவில்லை.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டது பத்து நிமிட வேலை. பிரவுசரில் பாஸ்வேர்டு சேமிப்பை நிறுத்தினோம். வாடிக்கையாளர் விண்ணப்பமெல்லாம் இனி குரோமின் விருந்தினர் விண்டோவில்தான். மூடினால் எல்லாம் போய்விடும். ஜெராக்ஸ் மெஷினின் டிஸ்க்கை அதன் மெனுவிலேயே இருக்கும் முழு அழிப்பு வசதியால் துடைத்தோம். வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டர் செயலியிலிருந்து பிரவுசருக்கு மாற்றி, தானாக மறையும் செய்தியை 24 மணி நேரத்துக்கு வைத்தோம். அப்படி வைத்தாலும் போன் கேலரிக்கு ஏற்கெனவே இறங்கிய படம் மறையாது. அதனால் தானாக இறங்குவதையும் நிறுத்த வேண்டியிருந்தது.

இதெல்லாம் சுலபம். கஷ்டமானது பழைய ஃபைல்கள்.

நான் எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்றேன். கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், “போன மாசம் எடுத்தேனே, அதுல ரெண்டு போடுங்க” என்று கேட்டு வருகிறவர்கள். ஒரிஜினலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருவது வயதானவர்களுக்குப் பயம், தொலைந்துவிடும். “உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி” என்று அவர்களே சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஃபைலை வைத்திருப்பது கடையின் உபகாரம். எதிர்ச்சாரியில் இன்னும் மூன்று ஜெராக்ஸ் கடை இருக்கும்போது, அந்த உபகாரம்தான் ஆளைத் திரும்ப வரவைக்கிறது. முப்பத்தோராயிரம் ஃபைலும் சோம்பலால் மட்டும் சேரவில்லை, பாதி இப்படிச் சேர்ந்தது.

சட்டத்தைச் சொல்லிப் பார்த்தேன். பிறர் தகவலைப் பாதுகாக்கத் தவறினால் நஷ்டஈடு என்று சொல்லும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, தனி ஆள் நடத்தும் வியாபாரத்தையும் சேர்த்தே பேசுகிறது. பாஸ்வேர்டு, பேங்க் கணக்கு விவரம், கைரேகை எல்லாம் அதற்கான 2011 விதிகளில், கூடுதல் பாதுகாப்பு வேண்டிய தகவல்களின் பட்டியலில் உள்ளன. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தால், பாதுகாப்பில் கோட்டை விடுவதற்கு அபராதம் 250 கோடி வரை போகலாம் என்றேன். 250 கோடி என்றதும் அவர் சிரித்துவிட்டார். ஒரு காப்பி ஒன்றரை ரூபாய்க்கு எடுக்கிறவரிடம் அந்தத் தொகை எடுபடாது. அவரை மாற்றியது கண்டக்டர் கொண்டுவந்த தாள்தான். “இதே மாதிரி கம்ப்யூட்டர்ல இருக்கறது போனா, யாரும் மேஜைல விரிச்சுக் காட்டமாட்டாங்கல்ல?” என்று கேட்டார். அதோடு சரி என்றார்.

முடிவானது இது: வாடிக்கையாளர் ஃபைல் எல்லாம் ஒரே ஃபோல்டருக்கு வரும். இரவு கடை சாத்தும்போது ஒரு சின்ன நிரல் அந்த ஃபோல்டரை, குப்பைத்தொட்டிக்கு அனுப்பாமல், நேரடியாகக் காலி செய்யும். யாருடைய ஃபைலும் அடுத்த நாளுக்கு இல்லை. திரும்ப வேண்டும் என்பவருக்கு, அவர் போனிலேயே ஃபைலை வைத்துக்கொள்ளச் சொல்லித் தருவோம். ஆதார் நகல் கேட்பவரிடம், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் போதுமா என்று முதலில் கேட்போம்.

பழைய தாளுக்கு, அதைத் துண்டு துண்டாக நறுக்கும் குறுக்குவெட்டு ஷ்ரெடர் வாங்கலாம் என்றேன். “பன்னெண்டு ரூபா பேப்பருக்கு ஆறாயிரம் ரூபா மிஷினா” என்றார் கடைக்காரர். வழி சொன்னது கடைப் பெண். அவருடைய அப்பத்தா இன்னமும் முறம் மெழுகுகிறவர். பழைய காகிதத்தை வெந்தயத்தோடு ஊறவைத்து அரைத்த கூழைப் பூசினால் முறத்தில் ஓட்டை அடைபடும். கடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டிரம் வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். தப்பான தாள் நாலாகக் கிழிந்து அதற்குள் போகும். மூன்றாம் நாள் கம்பால் நாலு சுழற்று சுழற்றினால் கூழ். டோனர் கருமையால் அப்பத்தாவின் முறங்கள் இப்போது சாம்பல் நிறமாக இருக்கின்றன என்று கேள்வி. போட்டோ தாளும் பிவிசி என்கிற பிளாஸ்டிக் அட்டையும் ஊறாது, அவற்றைக் கத்தரியால் நறுக்க வேண்டும். தெருக்கடைகள் அடித்துத் தரும் பிவிசி ஆதாரை ஊக்குவிப்பதில்லை என்று ஆதார் ஆணையம் 2022 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. இதைக் காரணமாக வைத்து அந்த வேலையையே நிறுத்தச் சொன்னேன், நிறுத்தவில்லை.

நான் செய்த தவறு

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, கடை விடுமுறை. உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தேன். திங்கள் காலை ஒன்பதேகாலுக்குப் போன். கடைக்காரரின் வாடகை ஒப்பந்த மாதிரிகள், போட்டோ அளவு டெம்ப்ளேட்டுகள், ஒரு கல்யாணப் பத்திரிகையின் முடிந்த டிசைன் எல்லாம் அதே டவுன்லோட்ஸில்தான் இருந்திருக்கின்றன. கடையின் சொத்தும் வாடிக்கையாளர் ஃபைலும் ஒரே குவியலாக இருக்கும் என்று நான் ஊகித்திருக்க வேண்டும். டெம்ப்ளேட்டுகளில் சிலவற்றைப் பழைய மெயில்களிலிருந்து எடுத்தோம். பத்திரிகை டிசைனை அந்தப் பெண் இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து மறுபடி செய்தார். அந்த வாரக் கூலியை நான் வாங்கிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு

செப்டம்பர் முழுக்க முணுமுணுப்பு. “இத்தனை வருஷமா வெச்சிருந்தீங்க, இப்ப என்ன புதுசா” என்ற கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய், மேஜையில் ஒரு அட்டை வைத்தார்கள்: ‘உங்கள் ஆவணம் இன்று இரவு அழிக்கப்படும்.’ சிலர் அதைப் படித்துவிட்டு, கடையை மூடப் போகிறீர்களா என்று கேட்டார்கள்.

அக்டோபரில் ஒரு நஷ்டம். மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி ஒருவர், தன் குழுவின் 22 பேருடைய ஆவணங்களையும் இங்கேதான் வைத்திருந்தார். கடன் புதுப்பிக்க வந்தபோது ஒன்றும் இல்லை. அழிப்பதற்கு முன் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கோபமாக எதிர்க்கடைக்குப் போனார். அங்கே 22 பேருடையதும் ஸ்கேன் ஆகி, இப்போது அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அவர் திரும்பி வரவில்லை.

அதே மாதம் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு மேம்படுத்தல் நின்றது. இரண்டு கம்ப்யூட்டர் 11க்கு ஏறின. பழையது ஏறவில்லை, அதை இணையத்திலிருந்து பிரித்து, போட்டோ வெட்ட மட்டும் வைத்திருக்கிறோம்.

நவம்பரில் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. கடைக்காரர் செய்தித்தாளில் அதை வெட்டி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கண்டக்டரின் மனைவி கணக்கில் டிசம்பர் வரை எந்தக் குழப்பமும் இல்லை. ஆதார் சரிபார்ப்புப் பட்டியலை இரண்டு முறை திரும்பப் பார்த்தோம்.

டிசம்பர் சோதனை

டிசம்பர் மூன்றாவது வாரம் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். ஃபோல்டரில் 73 ஃபைல், எல்லாம் அன்றைய தேதி. ஜிமெயிலில் தெரியாத சாதனம் இல்லை. டிரம்மில் கூழ் இருந்தது.

இரண்டாவது கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் ‘ரெகுலர்’ என்று புதிதாக ஒரு ஃபோல்டர். உள்ளே 14 பேருடைய ஆவணங்கள். முதலில் இருந்தது கண்டக்டரின் ஆதார்.

“அவரேதாண்ணே கேட்டாரு” என்றார் அந்தப் பெண். “பென்ஷன் ஆபீஸுக்கு அடிக்கடி வேணும், உங்ககிட்ட ஒண்ணு இருக்கட்டும்னாரு. அவர்ட்ட எப்படி முடியாதுன்னு சொல்றது?” மற்ற பதின்மூன்று பேரும் அறுபது தாண்டியவர்கள். போனில் ஃபைல் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள், அல்லது பட்டன் போன் வைத்திருப்பவர்கள். எங்கள் விதியில் அவர்களுக்கு இடமே வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அழிக்கவில்லை. அந்த 14ஐயும் பாஸ்வேர்டு போட்ட ஒரே பெட்டகத்துக்குள் மாற்றினோம். பாஸ்வேர்டு கடைக்காரருக்கும் அந்தப் பெண்ணுக்கும் மட்டும் தெரியும். ஒரு நோட்டில் ஆவணத்துக்கு உரியவரின் கையெழுத்து, வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி. ஆறு மாதம் வரை. இருபது பேருக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பும் வைத்தோம். இது சரியான வழியா என்று ஜூனில் பார்க்க வேண்டும்.

மறுபடி இதே வேலை வந்தால்

முதல் நாளே கடையில் வேலை பார்ப்பவரிடம் உட்கார்ந்து பேசுவேன். எந்த ஃபைல் எங்கே கிடக்கிறது, யார் எதை வைக்கச் சொன்னார்கள், முன்னால் இருந்தவர் போன் என்ன மாடல் எல்லாமே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. நான் கடைக்காரரோடு பேசியே இரண்டு வாரத்தைக் கழித்தேன்.

அழிப்பதற்கு முன் கடையின் சொந்த ஃபைல்களைத் தனியே பிரிப்பேன். பதினைந்து நாள் முன்னதாக அட்டை எழுதி வைப்பேன். ஆள் வேலையை விட்டுப் போகும் அன்றே, சம்பளக் கணக்கு முடிக்கும்போதே, அவர் போனில் இருக்கும் கடைக் கணக்கை எதிரிலேயே எடுக்கச் சொல்வேன். இதற்குச் செலவே இல்லை, இரண்டு வருடம் யாரும் செய்யவில்லை. ரீகண்டிஷன் மெஷின் இறங்கினால், முதல் காப்பி எடுப்பதற்கு முன் டிஸ்க்கைத் துடைப்பேன்.

பென் டிரைவ்களுக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. வாடிக்கையாளர்கள் செருகிவிட்டு மறந்து போனவை, கடையில் ஒரு லேமினேஷன் டப்பாவில் கிடக்கின்றன. டிசம்பரில் எண்ணியபோது 19. யாருடையது என்று தெரிய வேண்டுமென்றால் திறந்து பார்க்க வேண்டும். திறக்க வேண்டாம் என்று சொல்லி, டப்பாவை டேப் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி வைத்திருக்கிறோம். போன வாரம் கடைக்காரர் போன் செய்தார், இருபதாவது வந்திருக்கிறதாம்.